சமுதாய நலக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரவல் நூலகம்: பீரோ வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊராட்சி சமுதாய நலக்கூடத்தில் ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் 25,000 ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். நன்கொடையாக நானூறு புத்தகம் வந்து மூட்டையாகக் கிடக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய் வாசிக்கிற நூலகமாக நடத்த ஆசை. எத்தனை பீரோ வேண்டும், எந்த மென்பொருள் நல்லது, டெபாசிட் எவ்வளவு வாங்கலாம், தொலைத்தால் என்ன அபராதம்?

கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட்ட நாலுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காத இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து நூலகங்கள் அந்த இரண்டில்தான் படுக்கின்றன.

ஒன்று, சாவி. 2006க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டிடம் கட்டினார்கள். கட்டிடம் வந்தது, ரேக் வந்தது, புத்தகமும் வந்தது. பிறகு அவற்றில் பல, வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சாவி ஒருத்தரிடம் இருக்கும்; அவர் வயலுக்குப் போயிருப்பார், அல்லது கல்யாண வீட்டுக்கு. இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்த பிள்ளை மூன்றாவது தடவை வராது. ஆகவே ரேக் வாங்குவதற்கு முன்னால் மூன்று சாவி போடுங்கள். ஒன்று கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் எப்போதும் இருக்கிற ஓர் ஆச்சியிடம், ஒன்று மகளிர் சுய உதவிக் குழுவில் பொறுப்பான ஒரு அக்காவிடம், ஒன்று கல்லூரியில் படிக்கிற பையனோ பெண்ணோ ஒருவரிடம். தலைவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். தலைவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி கேட்காது.

திறக்கிற நேரம் குறைவாக இருக்கட்டும், ஆனால் மாறவே கூடாது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஐந்திலிருந்து ஆறரை வரை, போதும். எந்த நாள் என்பதை ஊரைக் கேட்டு வையுங்கள். ஞாயிறு காலை என்றால் கோயிலுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் போகிற கிறிஸ்தவப் பிள்ளைகள் வர முடியாது. மேலப்பாளையம், பேட்டை மாதிரி இடங்களில் சாயங்காலம் ஓதப் போகிற பிள்ளைகள் உண்டு. பெண்பிள்ளைகள் விளக்கு வைக்குமுன் வீடு திரும்ப வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமல் 'மாலை 6 முதல் 8 வரை' என்று போர்டு எழுதினால் பெரிய பையன்கள் பத்துப் பேர் கேரம் ஆட வருவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கூடம் யாருடைய கூடம்? பல ஊர்களில் சமுதாயக்கூடம் என்று பேர் இருந்தாலும் அது ஒரு சமுதாயத்தின் கூடமாகவே இருக்கும். உங்களுடையது ஊராட்சி கட்டியது என்றாலும் எந்தத் தெருவில் நிற்கிறது என்று பாருங்கள். மற்றத் தெருப் பிள்ளை அந்த வழியாக நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பயமில்லாமல் உள்ளே வருமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டிய கதை நாடறியும். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோடும் ஊர் நம் ஊர். நூலகம் நடத்துகிறவர் இதைத் தெரியாதவர் மாதிரி இருக்க முடியாது.

கூடத்தின் இடம் சரியில்லை என்றால் வேறு இடம் கேளுங்கள். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டிய அறை, பால் சொசைட்டிக் கட்டிடம், பஸ் ஸ்டாப் பக்கம் என்று எல்லாத் தெருக்காரர்களும் தினமும் வந்து போகிற இடமாக இருந்தால் நல்லது. வேறு இடமே கிடையாது என்றால் சாவி வைத்திருக்கும் மூன்று பேரும் மூன்று தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு எந்தச் சங்கத்தின் பேரிலும் பேனர் வேண்டாம். ரேக் கொடுத்தவர் பேரை ரேக்கில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கம் எழுதுங்கள்.

இனி புத்தகம். நானூறு வந்திருக்கிறது என்றீர்கள். மூட்டையைப் பிரித்தால் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்: பழைய பாடப்புத்தகம், நோட்ஸ், குரூப் தேர்வு வினா விடை, ஜோசியம், ஆன்மிக மாத இதழ்கள், எப்போதோ காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகம், நடுவில் பிள்ளைகளுக்கானது ஒரு முப்பது. அந்த முப்பதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பழைய பேப்பர் கடையில் போட மனசு வராது. போடுங்கள். கொடுத்தவர் மனம் நோகுமே என்று ரேக்கில் அடுக்கினால், பிள்ளை கை வைக்கிற முதல் புத்தகம் 'தணிக்கையியல்' ஆக இருக்கும். குரூப் தேர்வுப் புத்தகங்கள் மட்டும் புதியவையாக இருந்தால் தனியாக ஒரு பெட்டியில் வையுங்கள். அதைத் தேடி வருகிற கல்லூரிப் பிள்ளைகள்தான் உங்களுக்குத் தொண்டர்களாகக் கிடைப்பார்கள்.

25,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: புத்தகத்துக்கு 14,000, ரேக்குக்கு 6,000, பாய், கயிறு, பெட்டி வகைக்கு 1,500, நோட்டு, அட்டை, பசை, டேப்புக்கு 1,000. மிச்சம் 2,500ஐத் தொடவே கூடாது. ஆறு மாதம் கழித்து, பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதை வாங்க.

சராசரி 70 ரூபாய் என்று வைத்தாலும் 14,000க்கு இருநூறு புத்தகம் வந்துவிடும். பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் தடிமன் குறைவு, விலையும் குறைவு. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் இன்றும் மலிவாகத் தருகிறது. துளிகா, பிரதம் புக்ஸ், புக்ஸ் ஃபார் சில்ட்ரன் ஆகியோர் தமிழில் நல்ல படங்களோடு போடுகிறார்கள். பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்கினால் வழக்கமான பத்து சதவீதக் கழிவு கிடைக்கும், அதைவிட முக்கியம், புரட்டிப் பார்த்து வாங்கலாம். வாங்கப் போகும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். பெரியவர்கள் தனியாகப் போனால் தலைவர்கள் வரலாறும் நீதிக் கதைகளும் பொது அறிவும்தான் பையில் ஏறும். கடைசிப் பக்கத்தில் 'இக்கதையினால் அறியப்படும் நீதி' என்று அச்சடித்த புத்தகத்தை அந்த இரண்டு பிள்ளைகளும் திரும்ப வைத்துவிட்டுப் பேய்க் கதையையும் விடுகதையையும் எடுக்கும். எடுக்கட்டும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷன் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்தால் பக்கக் கூலியே புத்தக விலையைத் தாண்டிவிடும். அதைக் கதை சொல்கிற அன்றைக்கு, பெரிய திரை கிடைத்தால், காட்டப் பயன்படுத்துங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது என்று வயதை வைத்துப் பிரிக்க வேண்டாம். எழுத்துக் கூட்டித் திணறுகிற ஏழாம் வகுப்புப் பையன், '5 வயதுக்கு' என்று எழுதிய ரேக்குப் பக்கம் வரவே மாட்டான். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியாகச் சிறு நூல்கள் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய பேர்கள், யாரையும் குத்தாத பேர்கள்; அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு நாலைந்து சொல், பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம் என்றால் நுழை. ஒரு பக்கத்துக்கு ஒரு பத்தி வந்தால் நட. அத்தியாயம் பிரித்திருந்தால் பற. இடைப்பட்டதெல்லாம் ஓடு. ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம்.

படியை அடையாளம் காட்ட எல்லோரும் புத்தக முதுகில் கலர் டேப் ஒட்டுவார்கள். நம் பக்கத்தில் அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் அதற்கு ஒரு கொடி இருக்கிறது. அணில், மயில், மீன், ஆமை என்று நாலு ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஒரே மையில் குத்துங்கள். கூட்டத்தில் யாராவது ஏன் இப்படி என்று கேட்டால், வாசிக்கத் தெரியாத குட்டிப் பிள்ளையும் இடம் பார்த்துத் திருப்பி வைக்கும் என்று சொல்லுங்கள்; அதுவும் உண்மைதான்.

அறையில் அடுக்குகிற விதம். பீரோ வேண்டவே வேண்டாம். பீரோவுக்குக் கதவு உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு, பூட்டு இருந்தால் யாராவது பூட்டுவார்கள். திறந்த இரும்பு ரேக் இரண்டு போதும். உயரம் நாலடி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல்தட்டு எட்ட வேண்டும். படப் புத்தகங்களின் முதுகு ஒல்லியாக இருப்பதால் ரேக்கில் நிறுத்தினால் ஒன்றுமே தெரியாது, அட்டை முகம் காட்ட வேண்டும். சுவரில் மூன்று வரிசை கொடிக்கயிறு கட்டி, நடுப் பக்கத்தைப் பிரித்துத் துணி மாதிரித் தொங்கப் போட்டால் ஐம்பது புத்தகம் முகம் காட்டி நிற்கும். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குப் பனை ஓலைக் கடகம் இரண்டு வாங்கித் தரையில் வையுங்கள். அவர்கள் புத்தகத்தைத் தேட மாட்டார்கள், கிண்டுவார்கள். கடகம் அதற்குத் தோதானது, மோதினாலும் அடிபடாது. உட்காரப் பாய். பத்தமடை பக்கத்தில் இருக்க, பிளாஸ்டிக் பாய் எதற்கு? பட்டுப் பாய் கேட்கவில்லை, சாதாக் கோரைப் பாய் போதும்.

ரேக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல்கடை தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். சுவரிலேயே பதித்த மர அலமாரி என்றால் பின்பக்கம் தின்று முடிக்கும்வரை முன்பக்கம் தெரியாது. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது தரையோடு இருந்ததெல்லாம் போயிற்று. அந்த மாதிரி வெள்ளத்துக்கு ஒன்றரை அடி காணாது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கூரை ஒழுகித் தரையில் தண்ணீர் நிற்பது வருஷா வருஷம் நடக்கிறது, அதற்குக் காணும். இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலைக் கொத்து, வசம்புத் துண்டு வைக்கலாம். அடிக்கடி புரளுகிற புத்தகத்தில் அது அதிகம் தங்காது என்பதும் அனுபவம். அந்துருண்டை மட்டும் கூடவே கூடாது. வெள்ளையாக மிட்டாய் போல இருக்கும், குட்டிப் பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து. அதே காரணத்துக்காக, பைண்டர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற மைதாப் பசையும் இங்கே வேண்டாம். வெள்ளைப் பசை போதும். செல்லோடேப் ஒட்டினால் ஒரே வருஷத்தில் மஞ்சளாகி உரிந்து, ஒட்டிய எழுத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். பட்டர் பேப்பர் கீற்று வெட்டிப் பசை தடவி ஒட்டுங்கள். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சாரல் காற்றில் நடுமடிப்பு ஸ்டேப்லர் பின் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். வாங்கிய அன்றைக்கே பின்னைப் பிடுங்கிவிட்டு வெள்ளை நூலால் மூன்று துளைத் தையல் போட்டால் பல வருஷம் தாங்கும். தைக்கத் தெரிந்த அக்காமாருக்கு ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிஷ வேலை.

இப்போது இரவல். டெபாசிட் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். அபராதமும் வேண்டாம். ஐம்பது ரூபாய் டெபாசிட் கட்ட முடிகிற வீட்டில் ஏற்கெனவே நாலு புத்தகம் இருக்கும். எந்தப் பிள்ளை வீட்டில் பாடப்புத்தகம் தவிர அச்சடித்த தாளே கிடையாதோ, அதற்காகத்தானே இத்தனை பாடு. அபராதம் வைத்தால் என்ன ஆகும் என்றால், ஒரு வாரம் தாமதித்த பிள்ளை பயந்துபோய் வருவதையே நிறுத்தும். உங்களுக்குப் புத்தகமும் போச்சு, பிள்ளையும் போச்சு. நூற்றுக்குப் பத்து புத்தகம் வருஷத்தில் தொலையும், கிழியும் என்று முதல் நாளே எழுதி ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வருஷம் ஒன்றுமே தொலையவில்லை என்று கணக்கு வந்தால் மகிழாதீர்கள்; இரவலே சரியாகப் போகவில்லையோ என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

கடைசியாக நான் வேலை பார்த்த இடத்தில், இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண் வாசல்படியிலேயே நிற்கும். உள்ளே வா என்றால் வராது. ஒருநாள் யானைப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, இத வீட்டுக்குக் கொண்டு போவலாமா? தம்பி கிழிச்சிட்டாம்னா அடிப்பியளா?" என்றது.

"கொண்டு போ தாயி. கிழிச்சான்னா கிழிஞ்சதையும் சேத்துக் கொண்டு வா, ஒட்டிக்கிடுவோம்."

தம்பி கிழிக்கத்தான் செய்தான். இரண்டு துண்டையும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளே பசை தடவி ஒட்டிவிட்டு அடுத்ததை எடுத்துப் போனாள். 'கிழிந்த துண்டையும் கொண்டு வா' என்பதை உங்கள் நூலகத்தின் ஒரே விதியாக வைக்கலாம். சுவரில் எழுதிப் போடுவதற்கும் சின்ன வாக்கியம்.

பதிவுக்கு ஒரு நீள நோட்டு. தேதி, பிள்ளையின் எண், புத்தகத்தின் எண், திரும்பிய தேதி என்று நாலு கட்டம். பிள்ளைக்கு எண் எதற்கு என்றால், நம் ஊரில் குலசாமி பேர்தான் எல்லோருக்கும். நோட்டில் 'இசக்கிமுத்து' என்று எழுதினால் எந்த இசக்கிமுத்து? ஒரே தெருவில் மூன்று இசக்கி, இரண்டு சுடலைமணி, நாலு பேச்சியம்மாள் இருப்பார்கள். அப்பா பேர் கேட்டால் அதுவும் இசக்கியாக இருக்கும். தெரு, சாதி, வீட்டு அடையாளம் எதையும் எழுதாமல் எண் ஒன்றைக் கொடுத்து, அந்த எண்ணைப் பிள்ளை தானே ஓர் அட்டையில் எழுதிப் படம் வரைந்து வைத்துக்கொள்ளட்டும். புத்தகத்துக்கு ஒன்றிலிருந்து தொடர் எண். பெரிய நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகம் பிரிக்கிற டியூயி, கோலன் பகுப்பு எல்லாம் இருநூறு புத்தகத்துக்குத் தேவையில்லை. கோலன் முறையைத் தந்த சீர்காழி ரங்கநாதனே 1931இல் ஐந்து விதி எழுதியபோது முதல் விதியாக நூல்கள் பயன்பாட்டுக்கே என்றுதான் எழுதினார், பகுப்பை அல்ல.

நோட்டு எழுதுகிற வேலையை ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடுங்கள், மாதத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து. முதல் மாதம் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஒரு வாரம். அதற்கப்புறம் இரண்டு. திரும்பி வராத புத்தகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் தோழியிடம், புதுசாக ஒரு பேய்க் கதை வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி விடுங்கள்.

பீடி சுற்றுகிற வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கமெல்லாம் அம்மாமார் மடியில் தட்டை வைத்தால் கண் எடுக்க முடியாது, கணக்கு முடித்தாக வேண்டும். சாயங்காலம் பிள்ளையையும் கூடவே உட்கார வைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம், வாசித்துக் காட்ட ஏற்ற கதையாகப் பார்த்துக் கொடுங்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருத்தரை உட்கார வைத்துப் பத்திரிகையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். நம்மிடம் வேலை வீட்டுக்கு வந்துவிட்டது, வாசிக்க ஆள் வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை உரக்க வாசித்தால் அம்மாவின் கை நிற்காது, பிள்ளைக்கும் பழக்கம். அந்த வீட்டிலிருந்து திரும்பும் புத்தகத்தில் புகையிலைத் தூள் இருக்கும். உதறி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ரேக்கில் வையுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், பிள்ளை பார்க்கும்.

அடுத்து, கூடம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சித்திரை, வைகாசி, ஆடியில் கோயில் கொடை விழா வந்தால் வில்லுப்பாட்டுக் குழுவும் மேளக்காரர்களும் அங்கேதான் தங்குவார்கள். கல்யாணம், சடங்கு, மருத்துவ முகாம், தேர்தல் வாக்குச்சாவடி எல்லாம் வரும். அறையைப் பூட்டிப் பாதுகாக்கலாம், ஆனால் திறக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் நூலகம் நின்றால் பழக்கம் விட்டுப்போகும். ஒரு தகர டிரங்குப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடம் கிடைக்காத வாரத்தில் அறுபது புத்தகத்தைப் பெட்டியில் போட்டு யார் வீட்டுத் தார்சாவிலாவது, வளவு முற்றத்திலாவது திறந்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தெருவில். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், நமக்கு ஒரு தெரு தாண்டுவது பெரிசா? கூடத்துக்கு வரத் தயங்கிய பிள்ளைகள் இந்தப் பெட்டி வழியாகத்தான் பெரும்பாலும் உறுப்பினர் ஆவார்கள். மே மாதம் பெட்டிக்கு நல்ல காலம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு சமயத்தில் யாரும் வராவிட்டாலும் கதவைத் திறந்தே வையுங்கள்.

அரசு நூலகத்தை மறந்துவிடாதீர்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதாவது உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு நூலகத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். பக்கத்துக் கிளை நூலகரைப் போய்ப் பாருங்கள், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தின் குழந்தைகள் பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டுங்கள். 'பற' படியை முடித்த பிள்ளைக்கு உங்கள் இருநூறு புத்தகம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அந்தப் பிள்ளையை அங்கே உறுப்பினராக்கி விடுங்கள்.

மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோஹா என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது, தமிழும் எடுக்கும், பெரிய நூலகங்கள் பயன்படுத்துகின்றன. உங்கள் புத்தகம் இரண்டாயிரத்தைத் தாண்டிய பிறகு அதைப் பற்றிப் பேசுவோம். அதுவரை நீள நோட்டு, கயிற்றில் கட்டிய ஒரு பேனா. பேனா தொலையும், இரண்டாக வாங்கி வையுங்கள்.